பழைய போனை எறியாதீர்! பேட்டரியைக் கவனிப்பீர்!

"இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் ஒருத்தி" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று நம் பாட்டாளிக் குடும்பங்களில் நடப்பதைப் பார்க்கும்போது அந்தப் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது. கையில் இருக்கிற ஹேண்ட்போனை "கிழடு தட்டிப் போச்சு" என்று எறிந்துவிட்டு, தவணைக்குக் கிடைக்கிற புதுப் போனை நம்பிக் கடனில் விழுகிறோம். இது தேவைதானா என்பதே இந்த வாரம் நாம் கேட்க விரும்பும் கேள்வி.

சில வாரங்களுக்கு முன் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து ஒரு தாய் நம்மைக் காண வந்திருந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. அவருடைய தாய் தகப்பன் அதே மண்ணில் கித்தா மரம் வெட்டியவர்கள். வந்தவர் கைப்பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, இதை ஈப்போவுல செகண்ட் ஹேண்டா வாங்கினேன். காலையில நூறு காட்டுது. பத்து மணிக்கெல்லாம் முப்பதுங்குது. அப்புறம் திடீர்னு செத்துப் போவுது. கடையில கேட்டா, 'இது முடிஞ்சி போச்சும்மா, புதுசு எடுத்துக்குங்க, மாசா மாசம் கட்டினா போதும்'ங்கிறாங்க. மவளோட பள்ளிக்கூட விசயம் எல்லாம் இதுலதான் வருது. நான் என்னா செய்யட்டும்?"

"அவசரப்படாதீங்கம்மா" என்றோம். போன் பழுது பார்க்கத் தெரிந்த ஒரு தம்பியிடம் அதைக் காட்டினோம். அவர் திறந்து பார்த்துவிட்டு, "போன் நல்லாத்தான் இருக்கு. பேட்டரிதான் தளர்ந்து போச்சு" என்றார். பேட்டரியை மாற்றினார். அந்தப் போன் இன்றும் காலையிலிருந்து இரவு வரை தாங்குகிறது. அந்த அம்மா இரண்டு வருடம் மாதாமாதம் கட்ட இருந்த பணம் அவர் கையிலேயே நின்றது.

இப்படி எத்தனை குடும்பங்கள், எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் ஏமாந்து போகின்றன!

போன் ஆடம்பரமா?

"தோட்டத்து ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய போன்?" என்று இன்னும் சிலர் கேட்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு நிலைமை புரியவில்லை. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கோவிட் நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, மூன்று பிள்ளைகள் ஒரே போனை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு படித்த கொடுமையை நாம் மறந்துவிடவில்லை. அன்று போன் அணைந்தால் அன்றைய பாடமும் அணைந்தது.

இன்று அதற்கும் மேலே போய்விட்டது. குறுஞ்செய்தியில் வரும் எண்ணை நம்பிப் பணம் அனுப்பும் முறையை விட்டுவிட்டு, இன்னும் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளைப் பணித்தது. அதன்பின் வங்கிக் கணக்கின் பூட்டும் சாவியும் நம் கையில் உள்ள போனுக்குள் வந்துவிட்டன. போன் செத்தால் இணையம் வழியாகப் பணம் அனுப்ப முடியாது. பள்ளி ஆசிரியரின் செய்தி தெரியாது. தோட்டத்துக்குள் ஒருவரைப் பாம்பு கடித்தால் 999-ஐ அழைக்க வழியில்லை.

ஆகவே, பேட்டரியைக் காப்பது வெறும் பொழுதுபோக்குச் சமாச்சாரம் அல்ல தோழர்களே. அது குடும்பக் காரியம்.

பால் மரம் சொல்லும் பாடம்

நமக்கு பேட்டரி புதிதா? இல்லை. தோட்டத்து லயங்களில் இரவு சில மணி நேரமே மின்சாரம் வந்த காலம் ஒன்று இருந்தது. ஜெனரேட்டர் நின்றுவிட்டால் மண்ணெண்ணெய் விளக்குத்தான். கார் பேட்டரியை வைத்துக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி பார்த்த குடும்பங்கள் உண்டு. அதைச் சைக்கிளில் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டு போய் சார்ஜ் ஏற்றி வருவார்கள். தண்ணீர் குறைகிறதா, முனையில் பூஞ்சை பிடிக்கிறதா என்று கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கவனம் இப்போது எங்கே போயிற்று?

போனில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. 1991-இல் சோனி நிறுவனம் இதை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கியதற்காக குட்இனாஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்ற மூன்று அறிஞர்களுக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பேட்டரிக்குள் இரண்டு பக்கங்கள் உண்டு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் துகள்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். பயன்படுத்தும்போது திரும்பி வரும். ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் துகள்கள் உள்ளேயே சிக்கிக்கொண்டு வேலைக்கு உதவாமல் போகும். அதனால்தான் பேட்டரி நாளாக நாளாகத் தளர்கிறது. சாதாரணமாக ஒரு போன் பேட்டரி சுமார் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு, புதிதில் தாங்கியதில் 80 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். பாதி பாதியாக இரண்டு முறை ஏற்றினால் அது ஒரு சுற்றுக் கணக்கு.

செகண்ட் ஹேண்ட் போன் நம் கைக்கு வரும்போதே அந்தச் சுற்றுகளில் பெரும்பகுதியை முந்தியவர் ஓட்டி முடித்திருப்பார். இதை நாம் மனத்தில் வைக்க வேண்டும்.

கித்தா மரம் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மரத்தை ஆழமாக வெட்டிக் கட்டையைத் தொட்டால் பட்டை கெட்டுவிடும். ஓய்வு கொடுக்காமல் வெட்டிக்கொண்டே இருந்தால் பட்டை காய்ந்து பால் வற்றிவிடும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டி, பட்டையை அளவோடு சீவினால் மரம் நீண்ட காலம் பால் கொடுக்கும். பேட்டரியும் அப்படித்தான். சுழியம் வரை உறிஞ்சாதீர்கள். எப்போதும் நூறு வரை நிரப்பியும் வைக்காதீர்கள். 20-க்குக் கீழே இறங்கும்முன் செருகி, 80 வாக்கில் பிடுங்கினால் பேட்டரிக்கு நோவு குறைவு. நாள் முழுதும் வெளியே இருக்க வேண்டிய அன்று நூறு வரை ஏற்றினால் குற்றமில்லை. அதையே தினப் பழக்கமாக்காமல் இருந்தால் சரி. புதிய போன்கள் பலவற்றில் 80 அல்லது 85-இல் தானாக நிற்கும் வசதி இருக்கிறது. செட்டிங்ஸ் பகுதியில் பேட்டரி என்ற இடத்தில் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

வெப்பமே பெரும் பகைவன்

பேட்டரியைக் கொல்வதில் முதலிடம் வெப்பத்துக்கு. 35 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் பேட்டரியின் ஆயுளை நிரந்தரமாகக் குறைக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. நம் பேராக் மாநிலத்தில் நண்பகல் வெயிலில் நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் எவ்வளவு சூடு இருக்கும்? தகரக் கூரை வீட்டின் சன்னலோரத்தில் எவ்வளவு இருக்கும்? போனை அங்கே வைத்துவிட்டு, "பேட்டரி நிக்க மாட்டேங்குது" என்று சொன்னால் யாரைக் குறை சொல்வது?

காட்டுக்குப் போகும்போது சாப்பாட்டுப் பையின் நடுவே துணி சுற்றி நிழலில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். மெத்தையிலும் வேண்டாம். மேசை, சிமெண்டுத் தரை போன்ற கெட்டியான இடம் நல்லது. தடித்த உறை இருந்தால் கழற்றிவிடுங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். அப்போது சூடு இரண்டு பக்கமிருந்தும் வருகிறது.

சிக்னல் தேடி அலையும் போன்

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பட்டணத்துக்காரருக்கு இது அவ்வளவாகத் தெரியாது. கோபுரம் தூரத்தில் இருந்தால் போன் தன் சக்தியையெல்லாம் கூட்டிக் கூவும். சிக்னல் போய்ப் போய் வந்தால், ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும். செம்பனைக் காட்டுக்குள் சட்டைப்பையில் சும்மா கிடந்த போன் நண்பகலில் பாதியாக இறங்கியிருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். "நான் தொடவே இல்லையே" என்பீர்கள். நீங்கள் தொடவில்லை, போன் சும்மா இருக்கவில்லை.

இதற்கு மருந்து எளிது. சிக்னல் இல்லாத தீம்பாருக்குள் போகும்போது ஏரோபிளேன் மோட் போட்டுவிடுங்கள். ஓய்வு நேரத்தில், சிக்னல் கிடைக்கும் மேட்டில் வந்து திறந்து பாருங்கள். ஆபத்து என்றால் உடனே திறக்கலாம். அதற்காகவே கடைசி 15 விழுக்காட்டை எப்போதும் மிச்சம் வையுங்கள். வீட்டில் கருவுற்றவரோ நோயாளியோ இருந்து அழைப்பை எதிர்பார்த்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அன்று மொபைல் டேட்டாவை மட்டும் அடைத்துவிட்டு அழைப்பைத் திறந்து வையுங்கள்.

சிறு ஓட்டைகளை அடையுங்கள்

வாளியில் ஓட்டை இருந்தால் எவ்வளவு பால் ஊற்றியும் பயன் இல்லை. போனிலும் ஓட்டைகள் உண்டு.

திரையின் வெளிச்சமே பெரிய செலவு. அதைக் குறையுங்கள். 30 விநாடியில் தானாக அணையும்படி வையுங்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கப் படங்களும் காணொலிகளும் மழையாகக் கொட்டுகின்றன. அவை தானாக இறங்காதபடி நிறுத்துங்கள். பேட்டரியும் மிஞ்சும், டேட்டாக் காசும் மிஞ்சும்.

இடம் காட்டும் லொகேஷன், புளூடூத், ஹாட்ஸ்பாட் ஆகியவற்றைத் தேவைப்படும்போது மட்டும் திறவுங்கள். பயன்படுத்தாத செயலிகளை அழித்துவிடுங்கள்.

பேட்டரி சேவர் என்ற வசதியைக் கடைசி நேரத்துக்குத்தான் என்று வைத்திருக்கிறோம். பழைய போனில் அதைக் காலையிலேயே போடலாம்.

எந்தச் செயலி அதிகம் தின்கிறது என்பதையும் அதே செட்டிங்ஸ் பகுதி காட்டும். வாரம் ஒருமுறை பாருங்கள். கடைக் கணக்குப் பார்ப்பதுபோல இதையும் பார்க்க வேண்டும்.

காதில் விழும் தவறான யோசனைகள்

"முழுசா தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்" என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியம் பேட்டரிக்கு அது கேடு. "செயலியை எல்லாம் அடிக்கடி தள்ளி மூடினா சார்ஜ் மிஞ்சும்" என்பதும் சரியல்ல. மூடி மூடித் திறந்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும் வேலை கூடுகிறது. "கறுப்புப் படம் வச்சா சார்ஜ் மிஞ்சும்" என்பது ஓஎல்இடி திரைக்கு மட்டும் உண்மை. மலிவு விலைப் பழைய போன்கள் பலவற்றில் இருக்கும் எல்சிடி திரைக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. "பிரிட்ஜில வச்சா சரியாயிடும்" என்பார்கள். வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் கோத்து உள்ளே கெட்டுவிடும்.

பெரிய நிறுவனத்தின் ஒப்புதல்

"போனே மெதுவா ஆயிடுச்சு, பேட்டரி மாத்தி என்னா பயன்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு உண்மைச் சம்பவத்தைச் சொல்ல விரும்புகிறோம். பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் தானே குறைத்து வந்ததை, 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்து போவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாகச் சொன்னது. உலகமெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்புக் கேட்டு, 2018 முழுதும் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2020-இல் பிரான்ஸ் நாட்டு அதிகாரிகள், மக்களுக்கு முன்கூட்டிச் சொல்லாத குற்றத்துக்காக அதற்கு 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தனர்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? மெதுவாகிப்போன அந்தப் போன்களில் புது பேட்டரி போட்டதும் பழைய வேகம் திரும்பியது. போன் கிழடு என்று நினைத்துப் புதிது வாங்கியவர்கள் எத்தனை பேரோ!

மாற்றும்முன் யோசியுங்கள்

எல்லாப் பழைய போனுக்கும் பேட்டரி மாற்றுவது புத்திசாலித்தனம் என்று நாம் சொல்லவில்லை. 2021 இறுதியோடு நம் நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. ஆகவே 4ஜி வசதி இல்லாத போனில் காசைக் கொட்டாதீர்கள். ஆண்ட்ராய்டு 4.4-க்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் 2025 ஜனவரியிலிருந்து வாட்ஸ்அப் ஆதரவு நின்றுவிட்டது. உங்கள் வங்கிச் செயலி அந்தப் போனில் இன்னும் வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள். இவை சரியாக இருந்தால், பேட்டரி மாற்றுவதே லாபம்.

கடைக்குப் போகும்போது இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். திறக்கும்முன் விலையைப் பேசி முடியுங்கள். ரசீது வாங்குங்கள். எத்தனை மாத உத்தரவாதம் என்பதை அதில் எழுதச் சொல்லுங்கள். சிம் கார்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சார்ஜர் வாங்கினால் சிரிம் முத்திரை உள்ளதையே வாங்குங்கள். வெள்ளி மிச்சம் பிடிப்பதாக எண்ணி முத்திரையில்லாத சார்ஜரை வாங்கி வீட்டுக்குத் தீ வைத்துக்கொள்ளக் கூடாது.

கடையில் ஏமாற்றப்பட்டால் மௌனமாக இருக்காதீர்கள். திரிபியூனல் என்று சொல்லும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் நமக்காகவே இருக்கிறது. 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்கும்போதே பேட்டரியின் நிலையைக் கேளுங்கள். ஐபோனில் பேட்டரி ஹெல்த் என்ற இடத்தில் விழுக்காடு தெரியும். 80-க்குக் கீழே இருந்தால், "பேட்டரி மாத்துற காசைக் கழிச்சுக் குடு" என்று தைரியமாகக் கேளுங்கள். கூச்சம் எதற்கு? காசு நம்முடையது.

வீங்கினால் விளையாடாதீர்

பின்பக்கம் உப்புகிறதா? திரை ஓரத்தில் தூக்குகிறதா? அது வீங்கிய பேட்டரி. உடனே அணையுங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துக் கடைக்குக் கொண்டு போங்கள். 2016-இல் சாம்சுங் நிறுவனம், பேட்டரி தீப்பிடித்த காரணத்தால் தன் நோட் 7 போன்களை உலகமெங்கும் திரும்பப் பெற்றது. புதுப் போனுக்கே அந்தக் கதி என்றால் பழையது எம்மாத்திரம்! கழித்த பேட்டரியைக் குப்பையிலோ ஓடையிலோ போடாதீர்கள், கொளுத்தவும் கூடாது. மின்கழிவு பெறும் இடத்தில் கொடுங்கள்.

நம் கோரிக்கை

இவ்வளவும் தொழிலாளி செய்ய வேண்டியது. மற்றவர்களுக்குக் கடமை இல்லையா?

முன்பு போனின் பின்மூடியை நகத்தால் திறந்து நாமே பேட்டரியை மாற்றினோம். இப்போது பசை போட்டு ஒட்டி, நாம் தொட முடியாதபடி செய்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கண்டு சும்மா இருக்கவில்லை. அங்கு 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காடு தாங்க வேண்டும், உதிரிப் பாகங்கள் பல ஆண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. பயனீட்டாளரே பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு, சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி 18 என்று நாள் குறித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் நாட்டுத் தொழிலாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் நம் தொழிலாளிக்கு ஏன் கிடைக்கக் கூடாது? அவனைவிட நமக்கல்லவா இது அதிகம் தேவை? பயனீட்டாளர் சங்கங்களும் தொழிற்சங்கமும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைப் பேச வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களும் யோசிக்க வேண்டும். பிரட்டுக்களத்தருகே நிழலான இடத்தில் பத்து பிளக்கும் பூட்டுள்ள ஓர் அலமாரியும் வைத்தால் என்ன குறைந்துவிடும்? காட்டுக்குள் விபத்து நடந்தால் தகவல் சொல்ல உதவும் போன் அணையாமல் இருப்பது நிர்வாகத்துக்கும் நல்லதுதானே!

நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. சமுதாயக் கல்லூரிகளில் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. போன் பழுது பார்க்கும் பயிற்சி இருக்கிறதா என்று போய்க் கேளுங்கள். ஒரு தோட்டத்தில் ஒரு தம்பி இந்தத் தொழிலைக் கற்றால், கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு உட்கார்ந்து எத்தனையோ குடும்பங்களின் பணத்தைக் காப்பாற்றலாம். அவருக்கும் வருமானம் உண்டு.

கடைசியாக ஒன்று. 2024 மே மாதத்திலிருந்து தொழிலாளர் சேமநிதியில் ஒரு பகுதியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வசதி வந்திருக்கிறது. அவசரத்துக்கு வைத்த வசதி அது. அந்தக் காசை எடுத்துப் புதுப் போன் வாங்குவதற்குமுன், வயதான காலத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய சோறு அது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மழுங்கிய உளியை நாம் எறிந்ததில்லை. கல்லில் தீட்டி மறுநாள் விடியலில் மரத்தடிக்குப் போனோம். இந்த ஞாயிறு உங்கள் பழைய போனையும் அப்படி ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதைச் சொல்லுங்கள்.